அம்ப்ளிஃபயர் ஏன் முனகுகிறது?

லயத்துக்குக் கரண்ட் வராத காலத்தில் ரேடியோ முனகியதில்லை. நான்கு டோர்ச் பெட்டரி போட்டு அலமாரி மேல் வைத்தால் கரகரக்கும், அலை விலகும், மலைக்கு மேலே மின்னினால் படபடவென்று வெடிக்கும். ஆனால் பாட்டுக்கு அடியில் 'ஊம்ம்' என்று ஒரே சுருதியில் நிற்கிற அந்த முனகல் மட்டும் இருக்காது. அது சுவரில் பிளக் குத்தத் தொடங்கிய பிறகு வந்த சங்கதி. பெட்டரி தருவது ஒரே திசையில் போகும் நேரோட்டம். சுவர் தருவது 230 வோல்ட் ஆடலோட்டம். நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய்வரும். கையால் அம்ப்ளிஃபயர் கட்டுகிறவன் படும் பாட்டில் பாதி, இந்த 50-ஐ ஸ்பீக்கர் வரை போகவிடாமல் மறிப்பதுதான்.

றொசல்லக்காரருக்கு இந்த 50 தூரத்து விஷயம் அல்ல. வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவே ரயில் நின்று போகும் சின்ன ஸ்டேஷன் இது. ஹட்டன் போய்த் திரும்பினால் நோர்ட்டன் பிரிட்ஜ், அதற்குக் கீழே லக்சபான. மலைநாட்டு ஆற்று நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918-இல் கட்டுரை எழுதி வாசித்தார். லக்சபான நிலையம் ஓடத் தொடங்கியது 1950-இல். அங்கே சுழலும் இயந்திரமும் தீவின் மற்ற மின் நிலையங்களும் ஒரே கதியில் இணைந்து சுழல்கின்றன. அந்தக் கதிதான் 50 ஹேர்ட்ஸ். உங்கள் ஸ்பீக்கரில் கேட்கும் முனகலின் மூலம் அதுவே. மலைக்கு அந்தப் பக்கம் உற்பத்தியான கரண்ட் கொழும்புக்கு ஓடிப் போனதும், பக்கத்து லயங்களுக்குள் வந்துசேர இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்ததும் வேறு கதை. அதைப் பேச ஆரம்பித்தால் தேத்தண்ணி ஆறிவிடும்.

அக்கா மகன் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். பழைய டிவிடி பிளேயரின் தகரக் கூட்டுக்குள் அவனே கட்டிய அம்ப்ளிஃபயர். நம் பக்கத்தில் பையன்கள் வழக்கமாகக் கட்டுவதுதான்: சான்யோ கம்பனியின் எல்ஏ4440 சிப், 12 வோல்ட் ட்ரான்ஸ்ஃபோமர், நாலு டயோட், 4700 மைக்ரோஃபரட் கண்டென்சர் ஒன்று, ஒரு வொல்யூம். காரில் பாட்டுக் கேட்பதற்கென்று வந்த சிப் அது. 13 வோல்ட் கொடுத்தால் இரண்டு பக்கமும் ஆளுக்கு 6 வொட் தரும். பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவுக்கு அது தாராளம். பக்கத்துக் காம்பராவுக்கும் சேர்த்தே தாராளம்.

"மாமா, பாட்டு நிப்பாட்டினா ஊம்முன்னு கேக்குது. இன்னொரு பெரிய கண்டென்சர் போட்டா சரியாகிருமா?"

"போடாத. மொதல்ல அந்தச் சத்தத்தைக் கேளு."

எல்லோரும் கேட்பது இதைத்தான். முனகல் என்றால் கண்டென்சர், பெரிய முனகல் என்றால் பெரிய கண்டென்சர் என்று ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. ஹட்டனில் கிடைக்காவிட்டால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு வரை ஆள் சொல்லி விடுவார்கள். 10,000 மைக்ரோஃபரட் வந்து சேரும். பொருத்திப் பார்த்தால் முனகல் அப்படியே இருக்கும், சில பெட்டிகளில் கூடியும் இருக்கும். கண்டென்சர் போலி என்று கடைக்காரருக்குத் திட்டு விழும். பாவம், கண்டென்சர் நல்ல சரக்காகத்தான் இருந்திருக்கும்.

காரணத்தைக் கணக்கோடு பார்க்கலாம். ட்ரான்ஸ்ஃபோமர் 230-ஐ 12 ஆக்குகிறது. 12 வோல்ட் ஆடலோட்டத்தின் உச்சி 17 வோல்ட். டயோட் இரண்டில் ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் கழியும், மீதி பதினைந்தரை. நாலு டயோட்டும் சேர்ந்து கீழே போகும் அரை அலையையும் மேலே புரட்டிவிடுவதால், 50 என்பது 100 ஆகிறது. அதாவது நொடிக்கு 100 தடவை கண்டென்சர் நிரம்புகிறது. இடைப்பட்ட நேரத்தில் அம்ப்ளிஃபயர் அதிலிருந்து உறிஞ்சுகிறது, வோல்ட் சற்றே சரிகிறது, மறுபடி நிரம்புகிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்குத்தான் சிற்றலை என்று பெயர். எவ்வளவு சரியும் என்று பார்க்க, ஓடும் ஆம்பியரை 100-ஆலும் கண்டென்சரின் ஃபரட் அளவாலும் வகுத்தால் போதும். முழுச் சத்தத்தில் 1 ஆம்பியர் ஓடினால், 4700 மைக்ரோஃபரட்டுக்கு 2 வோல்ட் சரியும். கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அப்போது பாட்டு அலறிக்கொண்டிருக்கும். முனகல் யார் காதிலும் விழாது. பாட்டை நிறுத்திய பிறகு இந்த சிப் எடுப்பது 0.1 ஆம்பியர் அளவுதான். அப்போது சரிவு 0.2 வோல்ட். அந்த அளவை சிப் தானே சமாளித்துக்கொள்ளும். அதற்கென்றே அதன் ஒரு காலில் தனியாக ஒரு கண்டென்சர் போடச் சொல்லியிருக்கிறார்கள். சிலர் அதை 'தேவையில்லாத சாமான்' என்று விட்டுவிடுகிறார்கள். பெரிய கண்டென்சர் வாங்கப் போகுமுன் அந்தச் சின்னக் கண்டென்சர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, பாட்டு நின்ற அமைதியில் உரக்க முனகுகிறது, கண்டென்சரும் காய்ந்து உப்பிப்போகாத நல்ல 4700 என்றால், குற்றவாளி சிற்றலை அல்ல. வேறிடத்தில் தேட வேண்டும்.

தேடுவதற்கு மீட்டர்கூட வேண்டாம். வொல்யூமை முழுவதும் குறையுங்கள். முனகலும் சேர்ந்து குறைந்தால், அது வொல்யூமுக்கு முன்னாலிருந்து வருகிறது: கேபிள், ஜாக், பாட்டு வரும் போன். குறையாமல் அப்படியே நின்றால், வொல்யூமுக்குப் பின்னால்: கரண்ட் பகுதி அல்லது பூமிக் கம்பி. அடுத்து, பாட்டுக் கேபிளைப் பிடுங்கிவிட்டு, உள்ளே வரும் ஜாக்கின் நடு முனையையும் வெளி வளையத்தையும் ஒரு துண்டுக் கம்பியால் சேருங்கள். முனகல் நின்றால் கேபிளிலோ போனிலோ பிழை. பெரிய சோதனை இன்னொன்று இருக்கிறது, இந்த சிப்பைக் கட்டியவர்களுக்கு அது சுலபம்: ட்ரான்ஸ்ஃபோமரைக் கழற்றிவிட்டு, த்ரீவீலர் பெட்டரி ஒன்றின் 12 வோல்ட்டை ஒரு 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகக் கொடுங்கள். பிளஸ் மைனஸ் மாறினால் சிப் போய்விடும், கவனம். பெட்டரியில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி வந்தால், அம்ப்ளிஃபயர் நல்லது, கரண்ட் பகுதியை அடுக்கியதில்தான் கோளாறு. மருமகனின் பெட்டி பெட்டரியில் வாய் திறக்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெட்டரியிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

காதால் பிரித்தறியவும் பழகலாம். 50 ஹேர்ட்ஸ் முனகல் மிகவும் கீழே, வயிற்றில் கேட்பது. சின்ன ஸ்பீக்கர்கள் அதைச் சரியாகச் சொல்வதே இல்லை. கோயில் திருவிழாவில் பெரிய பேஸ் பொக்ஸ் முன்னால் நின்றால் தெரியும். 100 ஹேர்ட்ஸ் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே. பாடுகிறவர்களுக்குச் சொல்வதானால், ஒரு கட்டை சுருதிக்கு மந்தர பஞ்சமம் 98 ஹேர்ட்ஸ். அதை ஒட்டித்தான் நம் நாட்டு முனகல் நிற்கிறது. 60 ஹேர்ட்ஸ் கரண்ட் ஓடும் அமெரிக்காவில் அது 120. நம் பஜனைக்குத் தம்புரா வேண்டாம் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன், ஆனால் பஞ்சமம் சற்றுக் கூடிப்போகும். முனகல் மிருதுவாக இல்லாமல் 'ர்ர்ர்' என்று முள் முள்ளாகக் கேட்டால் அது மேற்சுருதிகள் நிறைந்த சத்தம். அப்படிக் கேட்டாலே பூமிக் கம்பியின் மேல் சந்தேகப்படலாம்.

இந்தப் பூமிக் கம்பிதான் விஷயத்தின் கரு. அதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

சர்க்யூட் படத்தில் பூமி என்றால் ஒரு சின்னக் குறி. எங்கு அந்தக் குறி இருந்தாலும் எல்லாம் ஒன்றே, எல்லாம் பூச்சியம் வோல்ட் என்று படம் சொல்கிறது. பெட்டிக்குள் அது ஒரு கம்பி. கம்பி என்றால் அதற்கு நீளம் உண்டு, தடை உண்டு. ஒரு லயத்துக்கு மேட்டுத் தொட்டியிலிருந்து ஒரே பைப் வருகிறது என்று வையுங்கள். மேல் காம்பராக்காரர் திறந்தால் கீழ்க் காம்பராவில் நீர் மெலிகிறது, மூடினால் பீறிடுகிறது. கீழே இருப்பவர் தன் பைப்பைத் தொடவேயில்லை, ஆனாலும் அவர் வாளியில் மேலே இருப்பவரின் திறப்பும் மூடலும் தெரிகிறது. பெட்டிக்குள் மேல் காம்பராக்காரர், கண்டென்சரை நிரப்பும் ஓட்டம். கீழ்க் காம்பராக்காரர், போனிலிருந்து வரும் மெல்லிய பாட்டு. இரண்டு பேரும் திரும்பிப் போக ஒரே கம்பியைப் பயன்படுத்தினால் முனகல் வரும்.

எவ்வளவு வரும்? சாதாரணமாக வயரிங்குக்குப் போடும் அரை சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, பத்து சென்டிமீட்டர் துண்டு. அதன் தடை 3.4 மில்லி ஓம். ஒன்றுமேயில்லை என்று சொல்லத் தோன்றும். கண்டென்சர் சீராக நிரம்புவதில்லை. அலையின் உச்சியில் ஓரிரு மில்லி செக்கனுக்குள் அவசர அவசரமாக நிரம்பி, பிறகு சும்மா இருக்கிறது. ஆகவே அமைதியான நேரத்தில் சராசரி 0.1 ஆம்பியர்தான் என்றாலும், அந்த நொடித் துணுக்கில் பாய்வது அரை ஆம்பியர் அல்லது அதற்கும் மேல். அரை ஆம்பியர் என்றே வைத்தாலும் அந்தத் துண்டுக் கம்பியின் இரு முனைக்கும் நடுவே 1.7 மில்லி வோல்ட் முளைக்கிறது. அந்தக் கம்பியின் ஒரு முனையில் பாட்டுக் கேபிளின் பூமி ஒட்டியிருந்தால், சிப் அதையும் பாட்டு என்றே நினைக்கும். இந்த சிப் வருவதைப் பெருக்கும் அளவு 51.5 டெசிபெல், வோல்ட் கணக்கில் சுமார் 375 மடங்கு. 1.7 மில்லி வோல்ட் ஸ்பீக்கருக்குப் போகும்போது அரை வோல்ட்டைத் தாண்டிவிடுகிறது. இரவு நேரத்தில் நாலு காம்பரா தள்ளிக் கேட்கும்.

பெரிய கண்டென்சர் ஏன் முனகலைக் கூட்டுகிறது என்பதும் இங்கேதான் விளங்கும். கண்டென்சர் பெரிதாக ஆக, வோல்ட் சரிவது குறையும். ஆகவே நிரம்பக் கிடைக்கும் நேரமும் குறையும். அதே அளவை இன்னும் குறுகிய நேரத்தில் நிரப்ப, பாய்ச்சல் இன்னும் உயரும். கம்பி தப்பாக ஓடியிருந்தால் பூமியில் இன்னும் பெரிய குத்து விழும். சிற்றலையைக் குறைக்கப் போய் முள்ளைக் கூட்டிக்கொள்கிறோம்.

வழி ஒன்றுதான், காசும் அதிகம் இல்லை. எல்லா பூமியையும் ஒரே புள்ளியில் சேருங்கள், ஆனால் ஒவ்வொன்றும் தன் சொந்தக் கம்பியில் வரட்டும். ஸ்பீக்கரின் மைனஸ் ஒரு கம்பி. போர்டின் பூமி ஒரு கம்பி. உள்ளே வரும் ஜாக்கின் பூமி, வொல்யூம் வழியாகப் போர்டின் பாட்டு முனைக்கே போகட்டும். வேறெங்கும் தொட வேண்டாம். தகரப் பெட்டியும் அந்தப் புள்ளியில் ஒரே ஓர் இடத்தில் சேரட்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, படித்தவர்களே தவறவிடுவது. அந்தச் சேரும் புள்ளியை டயோட்டுக்கும் கண்டென்சருக்கும் நடுவில் ஓடும் கம்பியின் மேல் வைக்காதீர்கள். டயோட்டின் மைனஸ் நேரே கண்டென்சரின் மைனஸ் காலுக்குப் போய் முடியட்டும். நிரப்பும் பாய்ச்சல் அங்கேயே சுற்றித் திரும்பிவிடும். கண்டென்சரின் காலிலிருந்து வேறொரு கட்டைக் கம்பியை எடுத்து, அதன் முனையில் புள்ளியை வையுங்கள்.

மருமகனின் பெட்டியில் ஜாக்கின் வெளி வளையம் தகரத்தைத் தொட்டபடி திருகப்பட்டிருந்தது. ட்ரான்ஸ்ஃபோமருக்குப் பக்கத்தில் கண்டென்சரின் மைனஸும் ஒரு ஆணி போட்டு அதே தகரத்தில். தகரமே பூமிக் கம்பியாகிவிட்டது. பாய்ச்சல் முழுவதும் ஜாக்கைத் தாண்டி நடந்துகொண்டிருந்தது. ஆணியைக் கழற்றி, ஜாக்குக்கு அடியில் சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம் ஒன்று வைத்துத் தகரத்திலிருந்து பிரித்து, ஈயம் வைத்து இரண்டு கம்பி இழுத்தோம். கண்டென்சர் மாற்றவில்லை. வொல்யூமைக் குறைத்துக் காதை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்தால் மட்டுமே ஏதோ கேட்டது.

அந்த 'ஏதோ'வுக்கும் காரணம் உண்டு. ட்ரான்ஸ்ஃபோமர் தன்னைச் சுற்றிக் காந்தப் புலத்தைச் சிந்துகிறது. அதற்கு அருகில் பாட்டுக் கம்பி போனால், தொடாமலே உள்ளே ஏறும், சுத்தமான 50. கூடியவரை ட்ரான்ஸ்ஃபோமரைப் பெட்டியின் ஒரு மூலைக்கும் ஜாக்கையும் வொல்யூமையும் எதிர் மூலைக்கும் தள்ளுங்கள். இடம் இல்லையா, திருகுவதற்கு முன் ட்ரான்ஸ்ஃபோமரைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். 230 வோல்ட் முனைகள் நன்றாகச் சுற்றி மூடியிருக்க வேண்டும், இதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு கோணத்தில் முனகல் சட்டென்று தாழும். அங்கேயே திருகிவிடுங்கள். ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்து டயோட்டுக்குப் போகும் இரண்டு கம்பியையும் இறுக்கி முறுக்குங்கள். போவதும் வருவதும் ஒட்டியிருந்தால் இரண்டின் புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். வால்வு ரேடியோ காலத்தில் வால்வுகளைச் சூடாக்கும் 6.3 வோல்ட் கம்பியை இப்படித்தான் முறுக்கினார்கள். பழைய ரேடியோ ஒன்று கிடைத்தால் பின்மூடியைத் திறந்து அந்த முறுக்கைப் பாருங்கள். தொழில் தெரிந்தவன் கை தெரியும்.

சிலசமயம் முனகல் ஸ்பீக்கரில் இருக்காது, பெட்டியில் இருக்கும். ஸ்பீக்கர் கம்பியைக் கழற்றியும் கேட்கிறதென்றால் ட்ரான்ஸ்ஃபோமரின் தகடுகள் அதிர்கின்றன. திருகை இறுக்கி அடியில் ரப்பர் வையுங்கள். மின்னணுவியல் இதில் ஒன்றும் இல்லை.

பாட்டுக் கேபிளுக்கு ஸ்பீக்கருக்குப் போடும் சிவப்பு-கறுப்பு வயரைப் போடுவது இன்னொரு பழக்கம். மீதி இருந்ததே என்று போட்டுவிடுவார்கள். அது சுவரில் ஓடும் வயரிங்கிலிருந்தே முனகலைப் பிடித்து இழுக்கும். மேலே பின்னலிட்ட ஷீல்ட் வயர்தான் போட வேண்டும். வொல்யூமின் உலோக உடம்பைத் தொட்டதும் முனகல் மாறுகிறதென்றால், அந்த உடம்புக்கும் பூமியிலிருந்து ஒரு கம்பி தேவை.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை ஈரம். வட்டவளைப் பக்கம் இலங்கையிலேயே அதிகம் மழை காணும் இடங்களில் ஒன்று; மே மாதத்துக்குப் பிறகு லயத்துச் சுவர் வியர்க்கும், பெட்டிக்குள்ளும் வியர்க்கும். ஜாக்கின் வெளி வளையத்தில் களிம்பு ஏறி பூமித் தொடர்பு அறுந்தால், திடீரென்று உறுமல் கிளம்பும். கேபிளை ஆட்டினால் வந்து போகும் முனகல் எல்லாம் இந்த வகை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, அறுந்த ஷீல்டுக்குப் புது ஈயம் வைத்தால் முடிந்தது. ஈயம் வைக்கும்போது வழிந்த மெழுகை போர்டில் அப்படியே விடாதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சி, உள்ளே வரும் முனைகளில் கரகரப்பை உண்டாக்கும்.

இப்படிக் கிடைத்த சாமானைக் கொண்டு கட்டுவது இலங்கைக்குப் புதிதல்ல. நம் வானொலியே அப்படிப் பிறந்ததுதான். தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பரும் அவரோடு இருந்தவர்களும், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிக் கருவிகளைப் பிரித்துச் சின்ன ஒலிபரப்பி ஒன்றைக் கட்டி, கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறு அறையிலிருந்து இசைத்தட்டுப் பாட்டைக் காற்றில் விட்டார்கள். முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16-இல் தொடங்கியது. லண்டனில் பிபிசி தொடங்கி மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. அக்கரையில் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-இல் அறிவித்தார். பழைய யூபிஎஸ்ஸிலிருந்து ட்ரான்ஸ்ஃபோமரைப் பிடுங்கும் றொசல்லப் பையனை ஏளனமாகப் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கலாம்.

பெட்டி சுத்தமாகிவிட்டது. போனைப் பொருத்திப் பாட்டும் போட்டாயிற்று. இரவில் போனுக்குச் சார்ஜ் குறைந்து சார்ஜரைக் குத்தியதும் 'ஈஈ' என்று ஒரு சத்தம் சேர்ந்து வருகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். இப்போது என்னிடம் வரும் முறைப்பாடுகளில் இதுதான் அதிகம். மலிவான சார்ஜருக்குள் 230 வோல்ட் பக்கத்திலிருந்து 5 வோல்ட் பக்கத்துக்குச் சின்னக் கண்டென்சர் ஒன்று வழியாகச் சிறு கசிவு எப்போதும் இருக்கும். அது போனுக்குள் வந்து, பாட்டுக் கேபிளின் பூமி வழியாக அம்ப்ளிஃபயருக்குள் இறங்குகிறது. அம்ப்ளிஃபயரை எவ்வளவு திருத்தினாலும் இது போகாது. பாட்டுப் போடும்போது சார்ஜ் போடாதீர்கள், அல்லது புளூடூத் போர்டு ஒன்றை இணைத்துவிடுங்கள். அதிலும் போர்டுக்குத் தனிக் கரண்ட் கொடுக்காவிட்டால் வேறு சத்தம் வரும். அதை இன்னொரு நாள் பேசலாம்.

இரண்டு கருவி சேரும் இடத்தில் வரும் முனகலுக்கு இன்னொரு முகம், கோயில் திருவிழாவில் தெரியும். மிக்ஸர் கோயில் மண்டபத்தில், அம்ப்ளிஃபயர் வெளியே கொட்டகையில். மிக்ஸருக்கு கோயில் சுவரிலிருந்து கரண்ட், அம்ப்ளிஃபயருக்குப் பக்கத்து வீட்டிலிருந்து. இரண்டும் மூன்று முள் பிளக். இரண்டிலும் பூமி உண்டு. நடுவில் பாட்டுக் கேபிளின் ஷீல்ட் மூன்றாவது பூமித் தொடர்பாகிறது. ஆக, சுவரிலிருந்து சுவருக்கு ஒரு பெரிய வளையம். இரண்டு இடத்துப் பூமிக்கும் இடையே உள்ள சிறு வித்தியாசம் அந்த ஷீல்டில் ஓடி, மாரியம்மன் தாலாட்டுக்கு அடியில் உறுமுகிறது. வீட்டிலும் டிவி, டிஷ், அம்ப்ளிஃபயர் மூன்றையும் சேர்த்தால் இதே கதைதான். ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து இரண்டுக்கும் கரண்ட் கொடுத்தால் வளையம் சுருங்கி, முனகல் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் பாட்டுக் கேபிளின் நடுவே சின்ன ஆடியோ ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்றைப் போட்டால், பாட்டு கடந்து போகும், பூமி கடந்து போகாது.

இன்னொரு 'வழி'யும் ஊரில் உலவுகிறது: அம்ப்ளிஃபயர் பிளக்கின் பூமி முள்ளை வெட்டிவிடு, முனகல் நின்றுவிடும் என்று. உண்மைதான், நின்றுவிடும். வளையம் அறுந்தால் நிற்கத்தானே வேண்டும். ஆனால் அந்தக் கம்பி முனகலுக்காகப் போட்டதல்ல. ட்ரான்ஸ்ஃபோமருக்குள் சுற்று கருகி 230 வோல்ட் தகரப் பெட்டிக்கு வந்தால், அதை மண்ணுக்கு இறக்கி, ஃபியூஸையோ ட்ரிப் சுவிட்சையோ விழ வைப்பது அந்த ஒரு கம்பிதான். அது இல்லாத பெட்டி, பார்த்தால் மற்றப் பெட்டி மாதிரியே இருக்கும். பாட்டும் நன்றாகவே பாடும். மழை நாளில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று வொல்யூமைத் தொடும் பிள்ளைக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

உங்கள் வீட்டு அம்ப்ளிஃபயரில் அந்த முள்ளோ உள்ளே அதன் பச்சைக் கம்பியோ வெட்டுப்பட்டிருந்தால், இன்றைக்குப் பாட்டுப் போடுவதற்கு முன் அதைத் திரும்பப் பொருத்திவிடுங்கள்.